தம்பிக்கு 34 வயதில் க்ளாக்கோமா: எச்சில் பரிசோதனைக்கு முன்னால் யார் யார் கண்ணைக் காட்ட வேண்டும்?

கேள்வி: எனக்கு 38 வயது, பினாங்கு ஜெலுத்தோங்கில் இருக்கிறேன். அம்மாவுக்கு 58 வயதில் க்ளாக்கோமா என்று கண்டுபிடித்தார்கள். அதற்குள் வலக் கண்ணில் பார்வை முக்கால்வாசி போய்விட்டது. இப்போது கோலாலம்பூரில் வேலை செய்யும் தம்பிக்கும் வந்திருக்கிறது. அவனுக்கு 34 வயதுதான், கண் பிரஷர் 36 என்றார்கள். கெடா எஸ்டேட்டில் இருந்த பாட்டிக்கும் கடைசிக் காலத்தில் கண் தெரியாது. நான் கட்டியிருப்பது சொந்த மாமன் மகனை. பிள்ளைகளுக்கு வயது 12, 8. கண்ணாடிக் கடையில் காற்று ஊதிப் பார்த்ததில் எனக்கு 17 வந்தது, நார்மல் என்றார்கள். எச்சிலை அனுப்பினால் மரபணுவைப் பார்த்துச் சொல்லும் பேக்கேஜ் ஆயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் விற்கிறது. பிள்ளைகளுக்காக வாங்கலாமா? புகைமூட்டக் காலத்தில் கண் அரித்தால் வீட்டில் இருக்கும் சொட்டு மருந்தை விடுவேன், அதில் தவறு உண்டா? தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருப்பதால் இதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்கிறார் அம்மா.

பதில்:

வணக்கம் சகோதரி. பேக்கேஜ் வாங்க வேண்டாம். அந்தப் பணத்தை வைத்திருங்கள், வேறு செலவு வரும். உங்கள் கடிதத்தில் நான் முதலில் தேடியது தங்கையின் வயதை. அது இல்லை. தம்பிக்கு 34 என்றால் அவர் அதற்கும் கீழே இருக்கலாம். இந்த வீட்டில் முதலில் கண்ணைக் காட்ட வேண்டியவர்கள் தங்கையும் நீங்களும். அடுத்து உங்கள் மாமா, அதாவது மாமனார். அவருக்குப் பின் உங்கள் கணவர். பிள்ளைகள் அந்த வரிசையில் கடைசி. நீங்கள் பிள்ளைகளை முதலில் வைத்து எழுதியிருக்கிறீர்கள். பெற்ற மனம் அப்படித்தான் எழுதும், ஆனால் நோயின் கணக்கு வேறு.

க்ளாக்கோமா என்பது, பெரும்பாலும் கண் அழுத்தம் கூடுவதால், பார்வை நரம்பு மெல்ல மெல்லத் தேயும் நோய். அது குடும்பத்தில் ஓடும் நோய் என்பதற்கு நல்ல கணக்கு உண்டு. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் நோயாளிகளின் உடன்பிறப்புகளையும் பிள்ளைகளையும் நேரில் வரவழைத்துப் பரிசோதித்து 1998இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நோயாளியின் நெருங்கிய இரத்த உறவுக்கு வாழ்நாளில் இந்த நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 22. நோய் இல்லாத குடும்பத்தில் நூற்றுக்கு 2.3. அமெரிக்காவின் பால்டிமோர் ஆய்வு இன்னொன்றைக் காட்டியது: பெற்றோருக்கு நோய் இருந்தால் ஆபத்து ஏறக்குறைய 2 மடங்கு, உடன்பிறப்புக்கு இருந்தால் 3.7 மடங்கு. அம்மாவுக்கு வந்தபோது யாரும் பதறவில்லை, இப்போது தம்பிக்கு வந்ததும் பதறுகிறீர்கள். சரியாகத்தான் பதறுகிறீர்கள். உங்களுக்கும் தங்கைக்கும் இரண்டு பக்கமும் இருக்கிறது.

பாட்டியின் கதையை நான் அரை சாட்சியாகவே எடுத்துக்கொள்வேன். எஸ்டேட்டில் அந்தக் காலத்தில் கண் தெரியாமல் போனவர்கள் எல்லாரையும் ‘கண்ணில் புரை’ என்ற ஒரே கணக்கில் எழுதிவிட்டார்கள். அவருக்கு வந்தது புரையா, சர்க்கரையா, க்ளாக்கோமாவா என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது. பாட்டியை விட்டுவிட்டாலும் அம்மாவும் தம்பியும் போதும்.

அந்த 17க்கு வருகிறேன். கண்ணுக்குள் ஒரு நீர் நிமிடத்துக்கு 2 முதல் 2.5 மைக்ரோலிட்டர் வரை சுரந்துகொண்டே இருக்கிறது. கருவிழியும் (கண்ணின் முன்புறத் தெளிவான படலம்) அதன் பின்னால் உள்ள கருமணித் திரையும் சந்திக்கும் கோணத்தில் சல்லடைபோல ஒரு திசு உண்டு, நீர் அதன் வழியே வெளியேறுகிறது. வரவும் போக்கும் சமமாக இருந்தால் அழுத்தம் பெரும்பாலும் 10க்கும் 21க்கும் நடுவில், மில்லிமீட்டர் பாதரச அளவில், நிற்கும். இந்த 21 ஒரு வேலி அல்ல. 21க்குக் கீழேயே பார்வை நரம்பு தேய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். 25 வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் நரம்பு கெடாமல் இருப்பவர்களும் இருக்கிறார்கள்.

காற்று ஊதும் கருவியின் பலவீனம் ஒன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். அது கருவிழியை எவ்வளவு எளிதில் தட்டையாக்க முடிகிறது என்பதை வைத்துத்தான் எண் சொல்கிறது. கருவிழி மெல்லியதாக இருந்தால் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். சராசரி தடிமன் ஏறக்குறைய 540 மைக்ரான். 480 உள்ள ஒருவரின் 17ஐயும் 580 உள்ள ஒருவரின் 17ஐயும் ஒன்றாக எடுத்துக்கொள்ள முடியாது. கண்ணாடியைக் கழற்ற லேசிக் லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு இந்தப் பிழை இன்னும் கூடும். தடிமனைப் போட்டு அழுத்தத்தைத் திருத்தித் தரும் சூத்திரங்கள் இருக்கின்றன, நான் அவற்றை நம்புவதில்லை. கருவிழித் தடிமனே பெற்றோரிடமிருந்து வலுவாக இறங்கி வரும் ஒரு குணம். அழுத்தம் கூடியும் நரம்பு கெடாமல் இருந்தவர்களைத் தொடர்ந்து பார்த்த அமெரிக்க ஆய்வொன்று, மெல்லிய கருவிழி உள்ளவர்களுக்கே க்ளாக்கோமா அதிகம் வந்ததை 2002இல் காட்டியது. அதே ஆய்வில் அழுத்தம் குறைக்கும் சொட்டு மருந்து போடாதவர்களில் நூற்றுக்கு 9.5 பேருக்கு 5 ஆண்டில் நோய் தொடங்கியது, போட்டவர்களில் 4.4 பேருக்கு. முன்கூட்டிப் பிடித்தால் என்ன லாபம் என்று தங்கை கேட்டால் இந்த இரண்டு எண்ணையும் சொல்லுங்கள்.

மரபணு விஷயத்தில் இரண்டு வேறு கதைகளை ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள். முதலாவது, ஒரே மரபணுவில் ஏற்பட்ட ஒரு பெரிய பிழை. முதலில் கண்டுபிடிக்கப்பட்டது மயோசிலின், 1997இல், ஒன்றாவது குரோமோசோமில். பிழையுள்ள மயோசிலின் புரதம் சரியாக மடிவதில்லை. நீர் வெளியேறும் அந்தச் சல்லடைத் திசுவின் செல்களுக்குள்ளேயே அது தேங்கி, செல்களைக் கெடுக்கிறது. அழுத்தம் 30, 40 என்று ஏறுகிறது, அதுவும் இளவயதில். பெற்றோரில் ஒருவரிடம் இந்தப் பிழை இருந்தாலே பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதற்கு நேர்மாறான குணமுள்ளவை ஆப்டினூரின், டிபிகே1 என்ற மரபணுக்கள். இவற்றில் கோளாறு வந்தால் அழுத்தம் கூடாமலே நரம்பு தேயும். அவை அரிது.

இரண்டாவது கதை, சின்னச் சின்ன மாறுபாடுகள் நூற்றுக்கணக்கில் சேர்வது. 2021இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு 34,000க்கும் மேற்பட்ட நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்து, மரபணுத் தொகுதியில் 127 இடங்களைக் க்ளாக்கோமாவோடு தொடர்புபடுத்தியது. ஒவ்வொன்றின் தாக்கமும் மிகச் சிறியது. ஐம்பது அறுபது வயதில் வரும் வழக்கமான க்ளாக்கோமா பெரும்பாலும் இந்த வகை. எச்சில் பேக்கேஜ்கள் பொதுவாக இதில் ஒரு பகுதியைக் கூட்டிக் கழித்து ‘ஆபத்து அதிகம்’, ‘குறைவு’ என்று அறிக்கை தரும். அந்தக் கூட்டலுக்கு அடிப்படையான தரவு பெரும்பாலும் ஐரோப்பியர்களுடையது, நம்மவர்களுக்கு அது அவ்வளவு பொருந்தாது. அறிக்கையில் ‘குறைவு’ என்று வந்துவிட்டால் தங்கை கண்ணைக் காட்டவே போகமாட்டார் என்பதுதான் எனக்குப் பயம்.

உங்கள் வீட்டில் எந்தக் கதை என்று கேட்டால், தம்பியின் 34 வயதும் 36 அழுத்தமும் என்னை முதலாவது பக்கம் பார்க்கச் சொல்கின்றன. பெரியவர்களுக்கு வரும் வகையில் மயோசிலின் பிழை நூற்றுக்கு 2 முதல் 4 பேரிடம்தான் கிடைக்கும். 40 வயதுக்குள் இப்படி உயர்ந்த அழுத்தத்தோடு வருகிறவர்களிடமும், தலைமுறைக்குத் தலைமுறை வரும் குடும்பங்களிலும் அதைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே உங்கள் குடும்பத்துக்கு மரபணுப் பரிசோதனை தேவைப்படலாம், ஆனால் கடையில் வாங்கும் வகையில் அல்ல.

அதற்கு ஒரு முறை இருக்கிறது. நோய் உள்ளவரிடம் தொடங்க வேண்டும். தம்பியின் இரத்தத்தில் மயோசிலின் முதலான மரபணுக்களை வரிசை வரிசையாகப் படித்து, பிழை உண்டா என்று பார்க்க வேண்டும். கிடைத்தால் அதே பிழை அம்மாவிடம் இருக்கிறதா என்று உறுதி செய்துவிட்டு, அந்த ஒரே இடத்தை மட்டும் தங்கைக்கும் உங்களுக்கும் பார்க்கலாம். அப்போது ‘இல்லை’ என்ற பதிலுக்கு அர்த்தம் உண்டு, அந்தப் பிழையின் கவலையிலிருந்து நீங்கள் விடுபடுவீர்கள். தம்பிக்குப் பார்க்காமல் உங்களுக்கு மட்டும் பார்த்து ‘இல்லை’ என்று வந்தால் அது எதையும் சொல்லாது, தம்பிக்கு வேறு மரபணுவில் கோளாறு இருக்கலாம். சில சமயம் ‘பொருள் தெரியாத மாறுபாடு’ என்று அறிக்கை வரும். அதைப் பிழை என்று எடுத்துக்கொண்டு யாரும் சிகிச்சை தொடங்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. தம்பி கோலாலம்பூரில் இருப்பது வசதி. கோலாலம்பூர் பொது மருத்துவமனையிலும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் மரபியல் கிளினிக் உண்டு. அவரைப் பார்க்கும் கண் மருத்துவரிடம் அங்கே அனுப்பக் கடிதம் கேட்கச் சொல்லுங்கள். மெடிக்கல் கார்டு (மருத்துவக் காப்பீடு) எடுக்காதவர்கள் வீட்டில் இருந்தால், பரிசோதனை முடிவு விண்ணப்பப் படிவத்தை எப்படிப் பாதிக்கும் என்பதை முகவரிடம் முன்னமே விசாரித்துக்கொள்வது நல்லது. வந்த முடிவை மறைத்துப் படிவம் எழுதினால் பின்னால் கிளெய்ம் செய்யும்போது தலைவலி.

அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை, காசே இல்லாதது. அம்மாவின் கிளினிக் புத்தகத்தையும் தம்பியின் அறிக்கையையும் எடுத்து நாலு விஷயம் எழுதிக்கொள்ளுங்கள்: மருந்து தொடங்கும் முன் இருந்த உச்ச அழுத்தம், கருவிழித் தடிமன், கோணம் திறந்ததா மூடியதா, ஸ்டீராய்டு மருந்து ஏதாவது நீண்ட நாள் எடுத்தார்களா. மூன்றாவதும் நாலாவதும் முக்கியம். கோணம் மூடிக்கொள்ளும் வகை க்ளாக்கோமாவுக்கு மரபு வேறு. அதில் கண்ணின் அளவும் அமைப்பும் இறங்கி வருகின்றன. சிங்கப்பூர் ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய ஆய்வில் 2012இல் அதற்கென்று மூன்று மரபணு இடங்கள் தனியாகக் கண்டுபிடிக்கப்பட்டன. இந்த நாட்டில் அதைச் சீனர்களின் நோய் என்று நினைக்கிறவர்கள் உண்டு, நம்மவர்களுக்கும் வருகிறது. அம்மாவுடையது அந்த வகை என்றால், தம்பியுடையதும் அதுவேதானா என்று மறுபடி பார்க்க வேண்டும். அம்மாவுக்கு ஒன்று, தம்பிக்கு ஸ்டீராய்டால் வந்தது இன்னொன்று என்று இரண்டு தனிக் கதைகளாகவும் இருக்கலாம்.

சொந்தத்தில் கட்டியதைப் பற்றி. பிறவியிலேயே வரும் க்ளாக்கோமா என்று ஒன்று உண்டு. அதற்கு முக்கியக் காரணம் சிஒய்பி1பி1 என்ற மரபணு. அப்பாவிடமிருந்து ஒரு பிழை, அம்மாவிடமிருந்து ஒரு பிழை என்று இரண்டும் சேர்ந்தால்தான் நோய் வரும். மாமன் மகள், அத்தை மகன், தாய்மாமன் என்று கட்டும் நம் குடும்பங்களில் ஒரே பிழை இரண்டு பக்கமும் இருக்க வாய்ப்பு கூடுதல் என்பதால் இது அதிகம் தெரிகிறது. ஆனால் அது பெரும்பாலும் 3 வயதுக்குள் காட்டிக்கொடுத்துவிடும்: வெளிச்சத்தைக் கண்டால் குழந்தை கண்ணை இறுக்கி மூடும், ஓயாமல் நீர் வடியும், கருவிழி பெரிதாகிக்கொண்டே போகும். பிறந்த குழந்தையின் கருவிழி 11 மில்லிமீட்டரைத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும். ‘எவ்வளவு அழகான பெரிய கண்’ என்று கொஞ்சுவதற்கு முன் அதைப் பார்க்க வேண்டும். உங்கள் பிள்ளைகள் அந்த வயதைக் கடந்துவிட்டார்கள்.

மயோசிலின் மாதிரிப் பிழைக்கு ஒரு பக்கம் போதும். அங்கே சொந்தக் கல்யாணம் வேறு விதத்தில் கணக்குக்கு வருகிறது. அம்மாவுக்கு இருக்கும் பிழை அவருடைய கூடப்பிறந்த அண்ணனோ தம்பியோ ஆன உங்கள் மாமாவுக்கும் இருக்கலாம், அவர் மகனான உங்கள் கணவருக்கும் இருக்கலாம். வேறு வீட்டில் பெண் எடுத்த, பெண் கொடுத்த குடும்பத்தில் மருமகனைப் பரிசோதிக்கச் சொல்லமாட்டேன். உங்கள் வீட்டில் சொல்கிறேன். மாமாவுக்கு இந்த வயதில் அழுத்தம், நரம்பு, பார்வைப் பரப்பு மூன்றும் சுத்தமாக இருந்தால் கணவர் பக்கக் கவலை பெரிதும் இறங்கும், பிள்ளைகளின் கணக்கும் பாதியாகும்.

பிள்ளைகளுக்கு இந்த ஆண்டுப் பள்ளி விடுமுறையில் ஒருமுறை கண் மருத்துவரிடம் அழுத்தமும் நரம்பும் பார்த்துக் குறித்து வையுங்கள். தம்பியின் மரபணுவில் பிழை கிடைத்தாலோ, உங்களுக்கு நோய் இருப்பது தெரிந்தாலோ ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். இளவயது வகை பத்து வயதுக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டலாம். இரண்டும் இல்லையென்றால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை போதும். பிள்ளைகளுக்கு வேகமாக மைனஸ் பவர் ஏறினால் அதையும் சொல்லுங்கள். மைனஸ் 6க்கு மேல் போகும் கண்ணுக்கு அதுவே ஒரு தனி ஆபத்து.

புகைமூட்டச் சொட்டைப் பற்றி ஒரு வரியில்தான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் அவசரம். குப்பியை எடுத்து வெளிச்சத்தில் படியுங்கள். டெக்சாமெதாசோன், பிரட்னிசோலோன், பெட்டாமெதாசோன், ஃப்ளூரோமெத்தலோன் என்ற ஸ்டீராய்டுகளில் ஒன்று இருந்தால் இனி மருத்துவர் சொல்லாமல் ஒரு சொட்டும் வேண்டாம். ஆன்டிபயாட்டிக் என்று நினைத்து விடும் பல சொட்டுகளில் டெக்சாமெதாசோனும் கலந்திருக்கும். சில வாரம் தொடர்ந்து ஸ்டீராய்டுச் சொட்டு விட்டால் பொதுமக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கண் அழுத்தம் ஓரளவு ஏறும், நூற்றுக்கு 5 பேருக்கு முன்பிருந்ததைவிட 15 அலகுக்கும் மேல் எகிறும். க்ளாக்கோமா குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இந்த எகிறல் கூடுதலாக வருகிறது. வலிக்காது, சிவக்காது. அரிப்பு நின்றுவிட்டதே என்று நன்றாக இருக்கும். கண் இமையைச் சுற்றிப் பூசும் அரிப்புக் களிம்பும் இதே வேலையைச் செய்யும். மூட்டு வலிக்கு விற்கும் பெயர் தெரியாத நாட்டு மருந்துப் பொடிகளில் டெக்சாமெதாசோன் கலப்படம் இங்கே பலமுறை பிடிபட்டிருக்கிறது. அம்மா அப்படி ஏதாவது சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுப்பவர்கள் தாமாக நிறுத்திவிடக் கூடாது, கண் அழுத்தத்தை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி போகும் வழி. அரசாங்க சுகாதார கிளினிக்கில் 1 வெள்ளி கட்டிப் பதிந்து, மருத்துவரிடம் பினாங்கு மருத்துவமனைக் கண் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். குடிமக்களுக்கு நிபுணர் கிளினிக்கில் 5 வெள்ளி. கடிதத்தில் ‘கண் பரிசோதனை’ என்று மட்டும் எழுதினால் தேதி தள்ளிப் போகும். ‘தாய்க்கு க்ளாக்கோமா, ஒரு கண் பார்வை இழப்பு, தம்பிக்கு 34 வயதில் அழுத்தம் 36’ என்று எழுதச் சொல்லுங்கள். காத்திருக்க முடியாவிட்டால் தனியார் கண் மருத்துவமனைக்குப் போகலாம், பேக்கேஜுக்கு ஒதுக்கிய பணம் அதற்கு உதவும்.

அங்கே ஐந்து காரியம் நடக்க வேண்டும். நீல விளக்கில் கருவிழியைத் தொட்டு அளக்கும் அழுத்தம், கருவிழித் தடிமன், கண்ணாடி வில்லை வைத்துக் கோணம் பார்ப்பது, நரம்பை ஒளியால் படம்பிடிக்கும் ஓசிடி ஸ்கேன், பார்வைப் பரப்புப் பரிசோதனை. கோணம் பார்ப்பது கண் விரியும் சொட்டுக்கு முன்னால் நடக்க வேண்டும், சொட்டு விட்டபின் கோணம் மாறிவிடும். அவசரத்தில் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள், கேட்டு வாங்குங்கள். பார்வைப் பரப்புப் பரிசோதனையில் ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும், ஒரு கண்ணுக்கு 5 நிமிடம்போல ஆகும். முதல் முறை பலருக்கும் சொதப்பும். அதில் கறுப்புத் திட்டு வந்ததும் கதி கலங்க வேண்டாம், இன்னொரு நாள் திரும்பச் செய்வார்கள். ஓசிடி அறிக்கையில் சிவப்பு நிறம் வந்தாலும் அப்படியே. அதிக மைனஸ் பவர் உள்ளவர்களுக்கு நோய் இல்லாமலே சிவப்பு காட்டும். கண் விரிய விட்ட சொட்டு தெளிய நாலு முதல் ஆறு மணி நேரம் ஆகலாம், மோட்டாரில் தனியாகப் போகாதீர்கள். எல்லாம் சுத்தமாக இருந்தால் உங்களுக்கும் தங்கைக்கும் முதல் மூன்று ஆண்டு வருடம் ஒருமுறை, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளி.

பொன்னாங்கண்ணியும் கேரட்டும் சாப்பிடுங்கள், நல்ல உணவு, ஆனால் இந்த நோயை அவை தொடாது. தம்பி யோகாவில் சிரசாசனம் செய்கிறவர் என்றால் நிறுத்தச் சொல்லுங்கள். சென்னையில் செய்து 2006இல் வெளியான ஆய்வில் தலைகீழாக நிற்கும்போது கண் அழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பானது.

அம்மாவின் வாய்ப்பூட்டுக்கு என் பதில்: ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. வரன் வீட்டுக்கு என்ன சொல்வது என்பது தங்கையின் முடிவு. ஆனால் தங்கையிடமும் மாமாவிடமும் மறைக்க அம்மாவுக்கு உரிமை இல்லை. தங்கைக்குக் கல்யாணத்துக்கு முன்பே பார்ப்பதற்கு மருத்துவக் காரணமும் உண்டு. நோய் இருந்து சொட்டு தொடங்கினால், குழந்தைக்குத் திட்டமிடும்போதே கண் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். லட்டானோப்ரோஸ்ட் வகைச் சொட்டுகளைக் கர்ப்ப காலத்தில் பொதுவாகத் தவிர்ப்போம். பிரிமோனிடின் சொட்டு தாய்ப்பால் வழியே போனால் கைக்குழந்தைக்கு மயக்கமும் மூச்சுத் தடுமாற்றமும் வரலாம் என்பதால் பிரசவத்துக்கு முன்பே நிறுத்துவோம். டிமோலோல் என்றால் ஆஸ்துமா இருக்கிறதா என்று முதலில் கேட்போம். எந்தச் சொட்டாக இருந்தாலும் ஒன்று விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரக் கண் முனையை இரண்டு நிமிடம் விரலால் அழுத்திப் பிடித்தால் உடம்புக்குள் போகும் மருந்து குறையும். இதை அம்மாவும் தம்பியும் இன்றிலிருந்தே செய்யலாம்.